பொம்பா: ஒரு சொல்லும் சில பழைய வண்டிகளும்



இலக்கணம், இலக்கியம், பாடநூல், மொழிபெயர்ப்பு ஆகியன பற்றிய உரைகளையே இவ்வரங்கில் பெரும்பாலும் கேட்டிருப்பீர்கள். மொழியியல் படித்த ஒருவர் தீயணைப்பு வண்டியைப் பற்றி என்ன பேசப் போகிறார் என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். ஒரு பொருளின் வரலாற்றை அறியாமல் அதன் பெயரின் வரலாற்றை எழுத முடியாது. அதுபோலவே, பெயரைக் கூர்ந்து நோக்கினால் பொருளின் வரலாற்றில் நாம் மறந்துவிட்ட பகுதி ஒன்று தெரியவரும். பழைய தீயணைப்பு வண்டிகளைப் பொறுத்தவரை அந்த மறந்த பகுதி, தீயை அணைக்கும் பொறுப்பு யாருடையதாக இருந்தது என்னும் கேள்வியாகும். இன்று நான் பேச விரும்புவது அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

நம் நாட்டில் தீப்பற்றினால் மக்கள் எழுப்பும் குரல் “பொம்பாவைக் கூப்பிடு” என்பதாகும். நாளிதழ்களிலும் வானொலிச் செய்திகளிலும் ‘தீயணைப்பு, மீட்புத் துறை’ என்று எழுதுகிறோம், படிக்கிறோம். வீட்டில் சமையலறைத் திரைச்சீலை பற்றிக்கொண்ட நொடியில் அந்த நீண்ட பெயர் நம் நாவில் வருவதில்லை. பொம்பா என்பதே வருகிறது. இச்சொல் மலாய் மொழியிலிருந்து நமக்கு வந்தது. மலாய் மொழி அதைப் போர்த்துகீசிய மொழியிலிருந்து பெற்றது. போர்த்துகீசியத்தில் அதன் பொருள் நீரை உந்தித் தள்ளும் பொறி, அதாவது பம்பு, என்பதே.

போர்த்துகீசியர் மலாக்காவை 1511இல் கைப்பற்றி 1641 வரை ஆண்டனர். அவர்களுடைய மொழியிலிருந்து மேசை, அலமாரி, சன்னல் போன்ற சொற்களைத் தமிழும் மலாயும் தனித்தனியே பெற்றுக்கொண்டன. பொம்பாவை மட்டும் மலேசியத் தமிழர் நேரே போர்த்துகீசியரிடமிருந்து பெறவில்லை. கம்பம், கித்தா ஆகிய சொற்களைப் போல மலாயின் வழியாகவே பெற்றோம். எழுத்தில் முதல் எழுத்தும் இறுதியெழுத்தும் பகர வரிசையிலேயே அமைந்துள்ளன. ஒலிப்பில் இரண்டையும் மென்மையாக, ஒலிப்புடைய ஒலிகளாகவே நாம் கூறுகிறோம். மெல்லினத்தை அடுத்து வரும் பகரம் அவ்வாறு ஒலிப்பது தமிழுக்கு இயல்பு. சொல்லின் முதலில் அவ்வாறு ஒலிப்பது கடன்சொல்லின் அடையாளம். மேற்கிந்தியாவில் மராத்தி பேசுவோர் தீயணைப்பு வண்டியைப் ‘பம்ப்’ என்று அழைப்பதும் அதே போர்த்துகீசியச் சொல்லின் மற்றொரு கிளையே.

ஆங்கிலத்தில் இவ்வண்டியை ‘ஃபயர் எஞ்சின்’ என்கிறார்கள். அங்கே ‘எஞ்சின்’ என்பது வண்டியை ஓட்டும் இயந்திரம் அன்று. அப்பெயர் வழங்கத் தொடங்கிய காலத்தில் வண்டியை ஓட்ட இயந்திரமே இல்லை. நீரைப் பீச்சும் கைப்பொறிதான் அந்த எஞ்சின். ஆகவே ஆங்கிலமும் மலாயும் மராத்தியும் கருவியைக் கொண்டு பெயர் வைத்தன. இந்தோனேசிய மொழியோ ‘பெமாடாம் கெபாக்காரான்’, அதாவது தீயை அணைப்பது, என்று செயலைக் கொண்டு பெயர் வைத்தது. தமிழின் ‘தீயணைப்பு’ என்னும் சொல்லும் இந்த வகையைச் சேர்ந்தது. ‘தீயணைப்புப் படை’ என்னும்போது ஆட்களின் அணியை முன்னிறுத்துகிறோம். கருவி, செயல், அணி ஆகிய மூன்றில் எதைப் பெயராகத் தேர்ந்தாலும் மற்ற இரண்டும் அதற்குப் பின்னால் நிற்கின்றன. இனி, அந்தக் கருவி எவ்வாறு மாறியது என்று பார்ப்போம். கருவி மாறிய ஒவ்வொரு முறையும் அணியும் மாறியது.

ஊரார் கையில் இருந்த பொறி

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆம்ஸ்டர்டாம் நகரில் யான் வான் டெர் ஹெய்டன் என்னும் ஓவியர் தோலால் ஆன நீர்க்குழாயைத் தீயணைப்புப் பொறியோடு இணைத்தார். அதற்கு முன்பு பொறியின் மேலிருந்த ஊதுகுழல் போன்ற முனையிலிருந்து நீரை வீசியடிக்க வேண்டும். அதற்காகப் பொறியையே தீயின் அருகில் கொண்டு நிறுத்த வேண்டும். குழாய் வந்த பிறகு பொறி தொலைவில் நிற்க, ஆள் மட்டும் குழாயைப் பிடித்துக்கொண்டு தீயை நெருங்க முடிந்தது. இன்றுவரை தீயணைப்புப் பணியின் அடிப்படை இதுதான். லண்டனில் 1721இல் ரிச்சர்டு நியூஷாம் காப்புரிமை பெற்ற கைப்பொறி நெடுங்காலம் பல நாடுகளில் பயன்பட்டது.

இப்பொறி இயங்கும் முறையை மாணவர்கள் மனக்கண்ணில் காண வேண்டும். சக்கரங்கள் மீது ஒரு நீர்த்தொட்டி. அதனுள் இரண்டு உருளைகள். தொட்டியின் இருபுறமும் நீளவாக்கில் இரண்டு கைப்பிடிக் கட்டைகள். ஒருபுறம் நிற்பவர்கள் கட்டையை அழுத்தும்போது மறுபுறம் நிற்பவர்களின் கட்டை மேலே எழும். குழந்தைகளின் ஏற்றப்பலகை விளையாட்டைப் போல மாறி மாறி அழுத்தினால் நீர் இடைவிடாமல் பீறிடும். சில நிமிடங்களில் கை ஓய்ந்துவிடும். அடுத்த அணி ஆயத்தமாக நிற்க வேண்டும். தொட்டி வற்றாதிருக்கக் கிணற்றிலிருந்தோ ஆற்றிலிருந்தோ வாளிகள் கைமாறி வந்துகொண்டே இருக்க வேண்டும். பொறியை இயக்கத் தெரிந்தவர் ஓரிருவர் போதும். ஆனால் அழுத்துவதற்கும் வாளி கடத்துவதற்கும் ஓர் ஊரே வேண்டும். லண்டனில் வேடிக்கை பார்க்க வந்தவர்களையே பொறியழுத்த வைத்து, அவர்களுக்குச் சிறு கூலியும் பீரும் கொடுத்தார்கள். வேடிக்கை பார்ப்பவன் என்று தனியே ஒருவன் இல்லாத தீயணைப்பு முறை அது.

அக்காலத்தில் பொறிக்கு உரிமையாளர் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. 1666ஆம் ஆண்டின் லண்டன் பெருந்தீக்குப் பிறகு காப்புறுதி நிறுவனங்கள் தோன்றின. தாம் காப்புறுதி அளித்த கட்டடங்களைக் காக்க அவை தத்தமக்கெனத் தீயணைப்பு ஆட்களை வைத்துக்கொண்டன. கட்டடச் சுவரில் நிறுவனத்தின் உலோகச் சின்னம் பதிக்கப்பட்டது. 1833இல் லண்டன் நிறுவனங்களில் பல தம் அணிகளை ஒன்றிணைத்து, எடின்பரோவிலிருந்து வந்த ஜேம்ஸ் பிரெய்டுவுட்டிடம் பொறுப்பை ஒப்படைத்தன. 1861இல் டூலி தெருவில் எழுந்த பெருந்தீயில் பிரெய்டுவுட் உயிரிழந்தார். இவ்வளவு பெரிய சுமையை இனித் தாங்க இயலாது என்று நிறுவனங்கள் அரசிடம் முறையிட்டன. அதன் விளைவாக 1866இல் லண்டனுக்குப் பொது நிதியில் இயங்கும் தீயணைப்புப் படை அமைந்தது. தீயணைப்பு என்பது வணிக ஏற்பாடாக இல்லாமல் பொதுக்கடமையாக மாறியது இந்த வழியில்தான்.

கோலாலம்பூரும் செங்கற்களும்

இந்தப் பின்னணியோடு நம் மண்ணுக்கு வருவோம். 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூரைத் தீ அழித்தது. அன்றைய கோலாலம்பூர் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன ஊர். நெருக்கமாக நின்ற கடைவீடுகளில் ஓரிடத்தில் பற்றிய தீ வீதி முழுவதும் ஓடியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வெள்ளமும் வந்து எஞ்சியதைச் சிதைத்தது. பின்னர்ச் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று 1884இல் ஆணையிட்டார். அதற்குத் தேவையான செங்கல் சூளைகள் ஊருக்குத் தெற்கே எழுந்தன. அந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ்.

இன்று தமிழர் கடைகளும் கோயில்களும் நிறைந்த பகுதியாக நாம் அறியும் பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயருக்குள் ஒரு தீயின் நினைவு இருக்கிறது. ஊர்ப்பெயராய்வு செய்யும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தீயணைப்பு வரலாறு வண்டிகளின் வரலாறு மட்டும் அன்று. எரியாத சுவரைக் கட்டுவதும் தீயணைப்பின் ஒரு பாதிதான்.

மற்றொரு பாதி 1883இல் தொடங்கியது. அந்த ஆண்டு சிலாங்கூர்த் தன்னார்வத் தீயணைப்புப் படை எச்.எஃப். பெல்லமியின் தலைமையில் 15 பேருடன் அமைந்தது. ‘தன்னார்வ’ என்னும் அடைமொழியைக் கவனியுங்கள். நாடு முழுவதும் இன்று சம்பளம் பெறும் அலுவலர்களைக் கொண்டு இயங்கும் துறையின் வேர், வேறு வேலை பார்த்துக்கொண்டே தீ எழுந்தால் ஓடிவர இசைந்த பதினைந்து பேர். சிங்கப்பூரிலோ பல முயற்சிகளுக்குப் பின்னர் 1888இல் முறையான தீயணைப்புப் படை அமைந்தது. அது நகராட்சியின் பொறுப்பில் இயங்கியது. ஒன்றில் தன்னார்வலர், மற்றொன்றில் நகராட்சி. இரண்டிலும் பொறுப்பு ஊரின் எல்லைக்குள்ளேயே இருந்தது.

நீராவி, குதிரை, மோட்டார்

நீராவியால் இயங்கும் தீயணைப்புப் பொறியை 1829இல் லண்டனில் பிரெய்த்வெய்ட், எரிக்சன் ஆகிய இருவரும் உருவாக்கினர். ஆனால் அதற்குப் பின்னரும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கைப்பொறியே ஆட்சி செய்தது. பின்னர் மெரிவெதர், ஷேண்ட் மேசன் ஆகிய லண்டன் நிறுவனங்கள் நீராவிப் பொறிகளைப் பெருமளவில் செய்து உலகெங்கும் அனுப்பின. செம்பும் பித்தளையும் மின்னும் கொதிகலன் ஒன்று வண்டியின் பின்புறம் செங்குத்தாக நிற்கும். வண்டியைக் குதிரைகள் இழுக்கும். நிலையத்திலிருந்து புறப்படும்போதே அடுப்பு மூட்டப்படும். தீ எரியும் இடத்தை அடைவதற்குள் நீராவி திரள வேண்டும்.

நீராவிப் பொறிக்குக் கை ஓய்வதில்லை. மணிக்கணக்கில் நீரை இறைக்கும். இது பெரும் நன்மை. ஆனால் இதை ஊரார் இயக்க முடியாது. கொதிகலனைக் கையாளத் தெரிந்தவர் வேண்டும். குதிரைகளைப் பழக்கிப் பராமரிப்பவர் வேண்டும். இரவும் பகலும் நிலையத்திலேயே தங்கியிருக்கும் ஆட்கள் வேண்டும். ஆகவே சம்பளமும் சீருடையும் குடியிருப்பும் தேவைப்பட்டன. கைப்பிடிக் கட்டையின் இருபுறமும் நின்ற ஊரார், கயிற்றுக்கு அப்பால் நிற்கும் கூட்டமாக மாறினர். வேடிக்கை பார்ப்பவர் என்னும் இனம் பிறந்தது அப்போதுதான்.

சிங்கப்பூர் ஹில் ஸ்திரீட்டில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட மத்திய தீயணைப்பு நிலையம் இந்த மாற்றத்தைக் கட்டட வடிவில் காட்டுகிறது. சிவப்புச் செங்கல்லும் வெள்ளைப் பூச்சும் மாறி மாறி வரும் அதன் முகப்பை நீங்கள் கண்டிருப்பீர்கள். கீழ்த்தளத்தில் வண்டிகள், மேலே தீயணைப்பாளர்களுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் குடியிருப்பு, எல்லாவற்றுக்கும் மேலே காவல் கோபுரம். தொலைபேசி பரவாத காலத்தில் அந்தக் கோபுரத்தின் மீது நின்று நகரின் எத்திசையில் புகை எழுகிறது என்று கண்காணித்தனர். பொதுவாகத் தீயணைப்பு நிலையக் கோபுரங்கள் நனைந்த குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்தவும் பயன்பட்டன. பினாங்கில் பந்தாய் சாலையும் சூலியா சாலையும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் தீயணைப்பு நிலையமும் ஏறத்தாழ அதே காலத்தது. அந்தச் சாலைக்குப் பெயர் தந்த சூலியர் தமிழகக் கடற்கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் என்பதை ஆசிரியர்கள் அறிவீர்கள்.

பிறகு மோட்டார் வந்தது. இங்கிலாந்தின் கில்ஃபோர்டு நகரிலிருந்த டென்னிஸ் நிறுவனம் தன் முதல் மோட்டார்த் தீயணைப்பு வண்டியை 1908இல் பிராட்ஃபோர்டு நகருக்கு வழங்கியது. வண்டியை ஓட்டும் இயந்திரமே பம்பையும் இயக்கியது. பழங்கால வண்டிகளை விரும்புவோர் பெரிதும் போற்றுவது இந்தக் காலத்து வண்டிகளைத்தான். திறந்த உடல், பித்தளை மணி, கூரையாகப் படுத்திருக்கும் மர ஏணி, பெரிய சக்கரங்கள். இருபுறமும் நீண்ட பலகை. அதன் மீது தீயணைப்பாளர்கள் தெருவைப் பார்த்தவாறு அமர்ந்து அல்லது நின்று, கம்பியைப் பற்றிக்கொண்டு செல்வார்கள். இவ்வமைப்புக்குப் ‘பிரெய்டுவுட் உடல்’ என்றே பெயர். படங்களில் பார்க்க அழகாக இருக்கும். வேகமாகத் திரும்பும்போது ஆட்கள் தூக்கி எறியப்பட்டார்கள் என்பது அந்த அழகின் மறுபுறம். 1930களிலிருந்து ஆட்களை உள்ளே அமர்த்தும் மூடிய வண்டிகள் படிப்படியாகப் பரவின. பழைய வண்டியைப் போற்றும்போது அதில் சென்றவர்கள் எத்தகைய இடர்களைத் தாங்கினார்கள் என்பதையும் சேர்த்தே போற்ற வேண்டும்.

ஊரிலிருந்து நாட்டுக்கு

வண்டி விலையுயர்ந்ததாக ஆக, அதை வாங்கும் ஆற்றல் எல்லா ஊருக்கும் இருக்கவில்லை. செல்வமுள்ள நகராட்சிகள் புதிய வண்டிகளை வாங்கின. சிறு பட்டணங்கள் பழையனவற்றைப் பழுதுபார்த்து ஓட்டின. தீ அவ்வாறு வருமானம் பார்த்து வருவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வுக்கு விடையாக, அதுவரை மாநில அளவிலும் ஊராட்சி அளவிலும் இயங்கிய தீயணைப்புப் படைகள் 1976 ஜனவரி முதல் நாளன்று கூட்டரசின் ஒரே துறையின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரின் கேம்பல் அங்காடி வளாகம் எரிந்தது. உயரமான கட்டடத்தில் எழும் தீயை ஓர் ஊரின் ஆற்றலைக் கொண்டு மட்டும் எதிர்கொள்ள முடியாது என்பதை அந்நிகழ்வு நாட்டுக்கு உணர்த்தியது. 1988இல் தீயணைப்புப் பணிகளுக்கெனத் தனிச்சட்டமும் வந்தது.

சிங்கப்பூரின் வழி சற்று வேறுபட்டது. 1961 மே 25ஆம் நாள், ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையன்று, புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் எழுந்த தீ நால்வர் உயிரைக் குடித்தது. ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர் ஆக்கியது. நெருங்கிய பலகை வீடுகளுக்கு நடுவே வண்டி நுழைய வழியில்லாத இடங்களில் எத்தனை வண்டி வந்தாலும் பயன் குறைவே. அத்தகைய தீயை இறுதியில் முடிவுக்குக் கொண்டுவந்தவை 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகள். கோலாலம்பூரில் செங்கல் செய்த பணியை இங்கே கான்கிரீட் செய்தது.

குடிசைப் பகுதிகள் மறைய, தீயணைப்பாளரின் பணியும் மாறத் தொடங்கியது. 1986 மார்ச் 15இல் சிங்கப்பூரில் நியூ வேர்ல்டு ஹோட்டல் இடிந்து 33 பேர் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து 17 பேர் மீட்கப்பட்டனர். 1989இல் அங்கே தீயணைப்புச் சேவை குடிமைத் தற்காப்புப் படையோடு இணைந்தது. நம் நாட்டில் 1993 டிசம்பர் 11இல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 48 பேர் உயிரிழந்தனர். 1997இல் நம் துறையின் பெயரில் ‘பென்யெலாமாட்’, அதாவது மீட்பர், என்னும் சொல் சேர்ந்தது. தமிழில் ‘தீயணைப்பு, மீட்புத் துறை’ என்று நாம் எழுதுவது அதனால்தான். 2018 அக்டோபரில் பூச்சோங்கில் குட்டையில் விழுந்த ஓர் இளைஞரைத் தேடச் சென்ற ஆறு தீயணைப்பாளர்கள் நீரில் மூழ்கி மாண்டார்கள். அந்த ஒரு நிகழ்வே பெயரின் பிற்பகுதி வெறும் அலங்காரம் அன்று என்பதைச் சொல்லிவிடும்.

ஆக, சொல்லின் அடுக்குகளை மீண்டும் பாருங்கள். பொம்பா என்பதில் கைப்பொறியின் காலம் உறைந்திருக்கிறது. படை என்பதில் சீருடையும் சம்பளமும் வந்த காலம். துறை என்பதில் நாடு பொறுப்பேற்ற காலம். மீட்பு என்பதில் தீயைத் தாண்டிப் பணி விரிந்த காலம். ஒரு பெயருக்குள் நூற்றைம்பது ஆண்டுகள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன.

முதல் பத்து நிமிடம்

பொறுப்பு ஊரிலிருந்து நாட்டுக்குச் சென்றதை நான் குறையாகக் கூறவில்லை. ஏழைப் பட்டணத்துக்கும் நல்ல வண்டி கிடைத்தது அதனால்தான். ஆயினும் ஒன்றை மட்டும் எந்தச் சட்டமும் எந்த வண்டியும் மாற்றவில்லை. வண்டி வந்து சேரும்வரை உள்ள நேரம் இன்றும் அக்கம்பக்கத்தாருடையதே.

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த என் தலைமுறையினர்க்கு இது நன்கு தெரியும். ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடம் தீப்பற்றுவது தோட்டங்களில் அடிக்கடி நேரும் விபத்து. காலைப் பெரட்டுக்கு அடிக்கும் தண்டவாளத் துண்டை நேரங்கெட்ட நேரத்தில் யாரேனும் இடைவிடாமல் அடித்தால், லயத்தில் இருந்தவர்கள் என்ன ஏது என்று கேட்பதில்லை. கையில் கிடைத்த வாளியோடு ஓடுவார்கள். செம்மண் சாலையில் பட்டணத்துப் பொம்பா வந்து சேர்வதற்குள் கூரை சரிந்துவிடும் என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர். யார் கிணற்றடியில் நிற்பது, யார் பிள்ளைகளை அப்புறப்படுத்துவது, யார் சைக்கிளில் துரை வீட்டுத் தொலைபேசிக்கு ஓடுவது என்பவை எழுதப்படாத விதிகளாக இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது அந்த விதிகளும் கலைந்தன. அடுக்குமாடியில் எதிர்வீட்டில் யார் இருக்கிறார், அவருக்கு நடக்க இயலுமா என்பதை நம்மில் பலர் அறியோம்.

ஆனால் வரலாறு ஒரே திசையில் மட்டும் செல்வதில்லை. நம் நாட்டின் பல புதுக்கிராமங்களிலும் சிறு பட்டணங்களிலும் தன்னார்வத் தீயணைப்புப் படைகள் இன்றும் இயங்குகின்றன. கடைக்காரரும் பட்டறைக்காரரும் மாலையில் பயிற்சி பெறுகின்றனர். நன்கொடை திரட்டிப் பயன்படுத்திய வண்டிகளை வாங்கிச் செப்பனிட்டு ஓட்டுகின்றனர். 1883இன் அந்தப் பதினைந்து பேரின் நேர் வாரிசுகள் என்று இவர்களைத்தான் சொல்லத் தோன்றுகிறது. சிங்கப்பூரிலும் பெரிய வண்டி நுழைய இயலாத வீவகக் குடியிருப்புகளுக்காகச் சிறிய சிவப்பு வண்டிகள் வந்தன. 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீயெச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. அருகில் சிறு தீயோ மாரடைப்போ நேர்ந்தால் பக்கத்திலுள்ள பொதுமக்களுக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பும் ஏற்பாடும் அங்கே இயங்குகிறது. நீராவிப் பொறி கயிற்றுக்கு அப்பால் நிறுத்திய ஊராரைக் கைப்பேசி மீண்டும் உள்ளே அழைக்கிறது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இவ்வரலாற்றிலிருந்து நம் வகுப்பறைக்கு மூன்று வேலைகள் கிடைக்கின்றன என்று கருதுகிறேன்.

முதலாவது, சொற்சேகரிப்பு. பழைய வண்டிகளை மெருகேற்றிக் காட்சிக்கு வைக்கிறார்கள். சிங்கப்பூரில் ஹில் ஸ்திரீட் நிலையத்திலேயே மரபுடைமைக் காட்சிக்கூடம் இருக்கிறது. வண்டியைப் பாதுகாக்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அந்த வண்டியில் ஏறிச் சென்றவர்கள் பேசிய சொற்களைப் பாதுகாக்கத்தான் ஆட்கள் இல்லை. குழாயின் முனையை, ஏணியின் பகுதியை, நீர் நிறுத்தும் திருகை, ஆபத்து என்று எச்சரிக்கும் குரலை அவர்கள் எப்படிச் சொன்னார்கள்? மலாயும் ஆங்கிலமும் தமிழும் கலந்த அந்தத் தொழில்மொழி அகராதிகளில் ஏறவில்லை. ஓய்வுபெற்ற தீயணைப்பாளர் ஒருவர் உங்கள் ஊரில் இருப்பார். மாணவர்கள் அவரிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து கேட்கட்டும். ஐம்பது சொற்கள் கிடைத்தாலும் அது நல்ல ஆய்வேடுதான். பித்தளை மணியைப் பத்து ஆண்டுகள் கழித்தும் துலக்கிக்கொள்ளலாம். அந்த முதியவரிடம் பத்து ஆண்டுகள் கழித்துக் கேட்க முடியாது.

இரண்டாவது, பாடநூல் தமிழும் பதற்றத் தமிழும். நற்றமிழ்ச் சொல்லாக்கத்தில் எனக்கு மிகுந்த பற்று உண்டு. தீயணைப்பு நிலையம், நீர்க்குழாய், மீட்புப் பணி ஆகிய சொற்களை மாணவர் பிழையின்றி எழுத வேண்டும். ஆனால் பொம்பா என்று சொல்லும் சிறுவனை அது தமிழன்று என்று கண்டித்து வாய்மூட வைக்கக் கூடாது. ஆபத்து நேரத்தில் ஒருவர் நாவில் முதலில் வரும் சொல்லே அவ்விடத்துக்குரிய சரியான சொல். கடன்சொல்லாக வந்து நம் வீட்டுக்குள் இத்தனை காலம் வாழ்ந்துவிட்ட அதற்குத் தன் வரலாறும் உண்டு. இரண்டையும் கற்பியுங்கள், எங்கே எதைச் சொல்வது என்பதையும் சேர்த்துக் கற்பியுங்கள்.

மூன்றாவது, பேச்சுப் பயிற்சி. நம் நாட்டில் 999, சிங்கப்பூரில் 995. இந்த எண்ணை அழைத்து, எங்கே, என்ன எரிகிறது, உள்ளே யாரேனும் சிக்கியிருக்கிறார்களா, தொடர்புக்கு எந்த எண் என்பவற்றை அரை நிமிடத்தில் தெளிவாகச் சொல்ல நம் மாணவர்க்குத் தெரியுமா? கட்டுரைக்கு முன்னுரையும் முடிவுரையும் எழுதக் கற்பிக்கிறோம். முன்னுரை இல்லாமல் செய்தியைச் சொல்லக் கற்பிப்பதும் மொழிப்பாடமே. அதை மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லப் பழகட்டும். பிறகு அதே செய்தியை வீட்டிலுள்ள பாட்டிக்குத் தமிழில் விளக்கவும் பழகட்டும். எந்தக் கதவு வழியாக வெளியேறுவது, மின்தூக்கியை ஏன் பயன்படுத்தக் கூடாது, தலைகுனிந்து ஏன் செல்ல வேண்டும் என்பவற்றைத் தமிழில் மட்டுமே புரிந்துகொள்ளும் முதியோர் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் பத்து நிமிடத்தில் கிடைக்கக்கூடிய ஒரே தீயணைப்பாளர் தமிழ் படிக்கும் அந்தப் பேரப்பிள்ளைதான்.

அடுத்த முறை பழைய வண்டி ஒன்றைக் காட்சிக்கூடத்தில் காணும்போது மாணவர்கள் அதன் பளபளப்பை மட்டும் பார்க்காமல், இதை இயக்க எத்தனை பேர் தேவைப்பட்டார்கள், அவர்கள் யார் என்று கேட்கட்டும். பிறகு, தம் சொந்தக் குடியிருப்பில் அத்தனை பேர் இருக்கிறார்களா என்றும் எண்ணிப் பார்க்கட்டும்.